அடுப்படித் திண்ணையில் தொடங்கிய சங்கீதம்
இசை மேதை ஹைடன் வாழ்க்கை

ஆஸ்திரியா நாட்டில் ரோராவ் என்று ஒரு சின்னக் கிராமம். அங்கே வண்டிச் சக்கரம் செய்து பிழைத்தார் மத்தியாஸ் ஹைடன். அவருடைய மனைவி ஒரு பிரபுவின் மாளிகையில் சமையல் வேலை பார்த்தவர்.

பகலெல்லாம் உளி பிடித்த கை, இரவில் யாழ் மீட்டும். மத்தியாசுக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. கேள்வி ஞானம்தான். அவர் பாட, மனைவியும் பிள்ளைகளும் கூடப் பாடுவார்கள்.

அந்த வீட்டில் 1732-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி பிறந்தவர்தான் ஜோசப் ஹைடன். ஐந்து வயதில் அடுப்பை ஒட்டிய திண்ணையில் உட்கார்ந்து, ஒரு குச்சியை வில்லாகப் பிடித்து, இடது கையையே வயலினாக நினைத்து "வாசிப்பான்" சிறுவன். தாளம் மட்டும் தப்பாது.

அதைக் கவனித்தார் உறவினர் பிராங்க். அவர் ஹெயின்பர்க் என்ற ஊரில் பள்ளி ஆசிரியர். கோவில் பாடகர் குழுவுக்கும் அவரே தலைவர். பையனைத் தன்னோடு அனுப்பும்படி கேட்டார். மகனைப் பாதிரியாராக்க வேண்டும் என்பது தாயின் ஆசை. ஆனாலும் சம்மதித்தார்கள்.

ஆறு வயது நிறையும் முன்பே ஹைடன் வீட்டை விட்டுப் புறப்பட்டான். அதன் பிறகு பெற்றோருடன் சேர்ந்து வாழும் பாக்கியம் அவனுக்குக் கிடைக்கவே இல்லை.

சோறு குறைவு, அடி அதிகம்

பிராங்க் வீட்டில் சாப்பாட்டை விட அடிதான் அதிகம். துணி துவைத்துக் கொடுக்க ஆள் இல்லை. அழுக்குச் சட்டையோடு திரிய வேண்டியிருந்தது. அந்த வயதிலும் அது அவனுக்கு வெட்கமாக இருந்தது.

ஆனால் பாடம் மட்டும் குறையவில்லை. பாட்டு, வயலின், விசைப்பலகை எல்லாம் கற்றான். இசைக்குறிப்பு படிக்கவும் கற்றான்.

நம் நாட்டில் குரு பாட, சீடன் கேட்டுப் பாடுவது வழக்கம். மேல்நாட்டு முறை வேறு. காகிதத்தில் ஐந்து கோடுகள் இருக்கும். கோட்டின் மேலும், இரண்டு கோடுகளுக்கு நடுவிலும் புள்ளிகள் இருக்கும். புள்ளி மேலே ஏறினால் குரல் ஏற வேண்டும். கீழே இறங்கினால் குரல் இறங்க வேண்டும். எவ்வளவு நேரம் நீட்டுவது என்பதைப் புள்ளியின் வடிவமே சொல்லிவிடும். பழகியவன், முன்பின் கேட்டிராத பாட்டையும் பார்த்தவுடன் பாடுவான். குழுவில் பத்துப் பேர் பத்து விதமாகப் பாடாமல் காப்பது இந்தப் படிப்புதான்.

செர்ரிப் பழம் தந்த பாடம்

1739-ல் வியன்னாவின் புனித ஸ்டீபன் தேவாலய இசைத் தலைவர் ராய்ட்டர், நல்ல குரல் உள்ள சிறுவர்களைத் தேடி ஹெயின்பர்க் வந்தார். ஹைடனிடம் ஒரு பாட்டுக் காகிதத்தை நீட்டினார். பையன் பார்த்தபடியே பாடினான்.

ஒரே ஒரு குறை. அடுத்தடுத்த இரண்டு சுரங்களை மிக வேகமாக மாற்றி மாற்றி அசைத்துப் பாடும் வித்தை ஒன்று உண்டு. "டிரில்" என்பார்கள். அது அவனுக்கு வரவில்லை. அவனுடைய ஆசிரியருக்கும் அது வராது என்பதைப் பையன் மறைக்காமல் சொல்லிவிட்டான்!

ராய்ட்டர் தாமே அதைச் செய்து காட்டினார். மூன்றாவது முயற்சியில் பையன் பாடிவிட்டான். மகிழ்ந்துபோன ராய்ட்டர், தட்டில் இருந்த செர்ரிப் பழங்களை அள்ளி அவன் சட்டைப் பையில் போட்டார். எட்டு வயதில் ஹைடன் தலைநகர் வியன்னாவுக்குப் போனான்.

அங்கும் வயிறு நிறையவில்லை. பெரிய மனிதர்கள் வீட்டு விருந்தில் பாடப் போனால் நல்ல சாப்பாடு கிடைக்கும். அதற்காகவே இன்னும் நன்றாகப் பாடிப் பழகினான்.

உடைந்த குரல்

ஆண் பிள்ளையின் கீச்சுக்குரல் எத்தனை நாள் நிற்கும்? பருவம் வந்ததும் ஹைடனின் குரல் உடைந்தது. தனியாகப் பாடும் வாய்ப்பு, அதே குழுவில் இருந்த தம்பி மைக்கேலுக்குப் போனது.

குரல் போனால் வேலையும் போயிற்று. முன்னால் நின்ற பையனின் பின்னலைக் குறும்பாகக் கத்தரித்தது ஒரு சாக்காக அமைந்தது. 1749-ல் பிரம்படி கொடுத்து வெளியே அனுப்பினார்கள். கையில் காசு இல்லை. போக இடம் இல்லை.

தெரிந்த பாடகர் ஒருவர் தம் சிறிய அறையில் இடம் கொடுத்தார். பிறகு ஒரு மாடியின் உச்சியில், மழை ஒழுகும் அறை. பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். தெருவில் வாசித்தார். குரல் போனாலும் இசைக்குறிப்பு படிக்கும் திறமை போகவில்லை. புத்தகங்களை வாங்கித் தாமே இசை இலக்கணம் படித்தார்.

போர்ப்போரா என்ற இத்தாலியப் பாட்டு ஆசிரியரிடம் பக்கவாத்தியம் வாசித்தார். அவருடைய செருப்பையும் துடைத்தார். பதிலுக்குப் பாட்டின் நுட்பங்களையும், இசை அமைக்கும் முறையையும் கற்றுக்கொண்டார்.

லீவு கேட்ட இசை

1761-ல் எஸ்டர்ஹாசி பிரபுவிடம் வேலை கிடைத்தது. சுமார் 30 ஆண்டுகள் அங்கே ஊழியம்.

1772-ல் பிரபு தம் கிராம மாளிகையிலேயே நெடுநாள் தங்கிவிட்டார். குடும்பத்தைப் பிரிந்த வாத்தியக்காரர்கள் ஊருக்குப் போக முடியாமல் தவித்தார்கள். எசமானிடம் நேரில் கேட்க யாருக்குத் துணிச்சல்? ஹைடன் ஒரு புது சிம்பொனி எழுதினார். அதன் கடைசிப் பகுதியில் ஒவ்வொருவராக வாசிப்பை நிறுத்தி, மெழுகுவர்த்தியை அணைத்து, எழுந்து போனார்கள். இறுதியில் இரண்டு வயலின்கள் மட்டுமே மிஞ்சின. பிரபுவுக்குப் புரிந்துவிட்டது. எல்லோரும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

பிற்காலத்தில் லண்டன் அவரைக் கொண்டாடியது. 1792-ல் அங்கே புனித பால் தேவாலயத்தில், தர்மப் பள்ளிகளின் ஏழைப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கூடி ஒரே குரலில் பாடினார்கள். 60 வயது ஹைடன் உருகிப் போனார். தம்மை வேறெந்த இசையும் அவ்வளவு உலுக்கியதில்லை என்று குறித்து வைத்தார். அவரும் அப்படி நின்று பாடிய பிள்ளைதானே!

நூற்றுக்கு மேற்பட்ட சிம்பொனிகளைத் தந்த ஹைடன், 1809 மே 31-ந் தேதி 77-வது வயதில் வியன்னாவில் காலமானார்.

அதற்கு 14 ஆண்டுகளுக்கு முன், 1795-ல், அவர் சொந்த ஊருக்குப் போனார். ரோராவில் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பியிருந்தார்கள். தாம் பிறந்த வீட்டு வாசற்படியில் மண்டியிட்டு, அதை முத்தமிட்டார். பிறகு உடன் வந்தவர்களுக்கு அடுப்படித் திண்ணையைக் காட்டினார். தம்முடைய இசை தொடங்கிய இடம் அதுதான் என்றார்.