கடனை அடைத்த உழவர்

அமெரிக்க நாட்டின் நடுமேற்கில் மிசௌரி என்று ஒரு மாகாணம் இருக்கிறது. கோதுமையும் மக்காச்சோளமும் விளையும் பூமி. அங்கே லாமர் என்ற சிற்றூரில், 1884-ம் ஆண்டு மே மாதம் 8-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தகப்பனார் விவசாயி. மாடும் கோவேறு கழுதையும் வாங்கி விற்பவர்.

அந்தக் குழந்தைதான் பிற்காலத்தில் அமெரிக்காவின் 33-வது ஜனாதிபதி ஆன ஹாரி ட்ரூமன்.

ஹாரிக்குச் சிறு வயதிலேயே கண் பார்வை குறைவு. கனத்த மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். அது உடைந்துவிடுமே என்ற பயத்தில் மற்றப் பிள்ளைகளுடன் ஓடியாடி விளையாடவில்லை. புத்தகங்களே அவருக்குத் துணை.

பள்ளிப் படிப்பு முடிந்த சமயத்தில் குடும்பத்துக்கு இடி விழுந்தது. தானிய விலை ஏறும் என்று நம்பிப் பணம் போட்ட தகப்பனார், சொத்தை இழந்தார். ஹாரி கல்லூரிக்குப் போக முடியவில்லை. கான்சாஸ் நகரில் பாங்கிக் குமாஸ்தா ஆனார்.

ஏர் பிடித்த கை

1906-ல் வேலையை விட்டுவிட்டுப் பாட்டியின் பண்ணைக்குத் திரும்பினார். கிராண்ட்வியூ என்ற ஊரில் இருந்த அந்தப் பண்ணை 600 ஏக்கர். விடியுமுன் எழுந்து கலப்பை பூட்டினார். கோதுமை, சோளம், ஓட்ஸ் என்று மாற்றி மாற்றி விதைத்தார். இப்படியே 11 வருஷம் போயிற்று. 1914-ல் தகப்பனார் காலமானார். பண்ணையோடு கடனும் மகன் தலையில் விழுந்தது.

அந்த நாட்களில் அவர் மனம் பெஸ் என்ற பெண்ணிடம் இருந்தது. சிறு வயதில் ஞாயிறு வேதப் பள்ளியில் பார்த்த பெண். 1911-ல் தம் விருப்பத்தைக் கடிதத்தில் எழுதினார். பெஸ் இசையவில்லை. ஹாரி மனம் தளரவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. கடிதம் எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை. இரண்டு வருஷம் கழித்து பெஸ் மனம் இளகினார். ஆனாலும் கையில் பணம் இல்லாததால் கல்யாணம் தள்ளிக்கொண்டே போயிற்று.

போர்க்களத்தில்

1917-ல் அமெரிக்கா முதல் உலக மகா யுத்தத்தில் இறங்கியது. ஹாரிக்கு அப்போது 33 வயது. விவசாயி என்பதாலும் வயதாலும் அவர் போக வேண்டிய கட்டாயம் இல்லை. இருந்தும் போனார். பண்ணையைத் தாயும் தங்கையும் பார்த்துக்கொண்டார்கள்.

பிரான்ஸ் நாட்டில் ஒரு பீரங்கிப் படைப் பிரிவுக்குக் காப்டன் ஆனார். அவர் கீழ் 194 பேர். எந்த அதிகாரிக்கும் அடங்காத முரட்டு வாலிபர்கள்! 1918 ஆகஸ்டில் ஒரு நாள் இரவு எதிரியின் குண்டு மழை பொழிந்தது. வீரர்கள் சிதறி ஓடினார்கள். காப்டன் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, வாயில் வந்தபடி திட்டினார். ஓடியவர்கள் வெட்கப்பட்டுத் திரும்பி வந்தார்கள். அன்று முதல் அவர்கள் அவருக்காக உயிரையும் கொடுக்கத் தயாரானார்கள்.

மஞ்சள் கடுதாசி கொடுக்கவில்லை

1919 ஜூன் 28-ந் தேதி ஹாரி - பெஸ் திருமணம் நடந்தது. அதே வருஷம், படையில் பழகிய நண்பர் எட்டி ஜேக்கப்சனுடன் கூட்டுச் சேர்ந்து, கான்சாஸ் நகரில் ஆண்கள் உடைக் கடை திறந்தார். முதலில் வியாபாரம் அமோகம். பிறகு நாடெங்கும் விலைகள் சரிந்தன. விவசாயிகள் கையில் காசு இல்லை. 1922-ல் கடையை மூட வேண்டியதாயிற்று.

கடன்காரர்கள் நெருக்கினார்கள். கூட்டாளி திவாலாகி விலகினார். அதில் சட்டப்படி குற்றம் இல்லை. ஆனால் ட்ரூமன் மஞ்சள் கடுதாசி கொடுக்க மறுத்தார். பத்து வருஷங்களுக்கு மேல் சிறுகச் சிறுகக் கடனை அடைத்தார்.

இதற்கிடையே மகள் மார்கரெட் பிறந்தாள். கவுண்டி நீதிபதி பதவிக்கும் தேர்தலில் ஜெயித்தார். பெயர்தான் நீதிபதி, வேலை சாலை போடுவதும் கட்டடம் கட்டுவதும். லட்சக்கணக்கான டாலர் அவர் கை வழியாகச் சென்றது. அவரைத் தேர்தலில் நிறுத்திய கட்சித் தலைவர் பெண்டர்காஸ்ட், ஊழலுக்குப் பேர் போனவர். அந்தக் கூட்டத்தில் இருந்தும் ட்ரூமன் தம் சொந்தக் கடனுக்குப் பொதுப் பணத்தைத் தொடவில்லை.

1934-ல் செனட்டர் ஆனார். அப்போதும் வறுமை விடவில்லை. 1940-ல் அடமானக் கடனுக்காகத் தாயின் பண்ணை ஏலத்துக்குப் போயிற்று. 87 வயதுத் தாய் பழகிய வீட்டை விட்டு வெளியேறினார். புது வீட்டில் கால் தவறி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். செனட்டர் மகனால் அதைத் தடுக்க முடியவில்லை.

தீராத கணக்கு

1945 ஜனவரியில் துணை ஜனாதிபதி. 82-ம் நாள் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இறந்தார். உழவர் ஜனாதிபதி ஆனார்!

அந்த ஆகஸ்டில் ஹிரோஷிமா, நாகசாகி நகரங்கள் மீது அணுகுண்டு போட அவர் ஆட்சி உத்தரவிட்டது. லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் மாண்டார்கள். போரைச் சீக்கிரம் முடிக்கவே அதைச் செய்ததாக அவர் கடைசி வரை சொன்னார். அது சரியா, தவறா என்று உலகம் இன்னும் வாதாடுகிறது. பணக் கடனைத் தீர்க்கலாம்; போன உயிர்களுக்குக் கணக்குத் தீர்ப்பது யார்?

1948-ல் ராணுவத்தில் கறுப்பர், வெள்ளையர் என்று பிரித்து வைக்கும் வழக்கத்தை ஒழிக்க உத்தரவிட்டார். 1951-ல் இந்தியாவில் உணவுப் பஞ்சம் வாட்டியபோது, 20 லட்சம் டன் தானியம் வாங்க 19 கோடி டாலர் கடன் தரும் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

1953-ல் பதவி முடிந்தது. ரயில் ஏறி இண்டிபென்டன்ஸ் என்ற சொந்த ஊருக்கு, மாமியாரின் பழைய வீட்டுக்கே திரும்பினார். ராணுவ ஓய்வூதியமாக மாதம் 112 டாலர் சொச்சம்தான் வந்தது. முன்னாள் ஜனாதிபதிகளுக்கு ஓய்வூதியம் தரும் சட்டம் 1958-ல்தான் வந்தது.

1972 டிசம்பர் 26-ந் தேதி, 88-ம் வயதில் ட்ரூமன் காலமானார். பெஸ் மேலும் பத்து வருஷம் வாழ்ந்தார். கணவர் அவருக்கு எழுதிய கடிதங்களில் 1,300-க்கு மேல் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

கெட்டிக்காரர்கள் பலர் அவரைவிட அதிகம் சம்பாதித்தார்கள். ஆனால் வாங்கிய கடனை மறக்காத மனிதரை நம்பித்தான் ஊரார் தங்கள் சாலையையும், பிறகு நாட்டையும் ஒப்படைத்தார்கள்.