மார்க் ட்வெய்னின் வரலாற்றாசிரியர் ஆல்பர்ட் பிகலோ பெயின்

பிறர் வாழ்வை எழுதுவோரின் வாழ்வு பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. எழுதப்பட்டவரின் புகழ் ஓங்க ஓங்க, எழுதியவரின் பெயர் அட்டையின் அடியில் சிற்றெழுத்தாக நின்றுவிடும். ஜான்சனை எழுதிய பாஸ்வெல் இதற்கு ஒரு விலக்கு. அமெரிக்க நகைச்சுவைப் பேராசான் மார்க் ட்வெய்னின் முதற்பெரும் வரலாற்றை எழுதிய ஆல்பர்ட் பிகலோ பெயினுக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. வாய்த்த அளவும் பழிச்சொல்லோடு கலந்தே வாய்த்தது. எனினும், வாழ்க்கை வரலாற்று இலக்கியத்தில் அன்பும் உண்மையும் எங்கே ஒன்றோடொன்று மோதுகின்றன என்பதை அறிய விரும்புவோர்க்கு இவர் வாழ்வைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பெயின் 1861ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்ஃபோர்டு நகரில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் மேற்கே அயோவாவுக்குப் பெயர்ந்தது. பின்னர் இல்லினாய் மாநிலத்தின் சீனியா என்னும் சிற்றூரில் வளர்ந்து பள்ளிக்கல்வி பெற்றார். இருபது வயதில் செயின்ட் லூயிஸ் சென்று நிழற்படக் கலை பயின்றார். கேன்சஸ் மாநிலத்தின் ஃபோர்ட் ஸ்காட் நகரில் நிழற்படக் கருவிகள் விற்கும் வணிகராகவும் விளங்கினார். வணிகத்திற்கிடையே கவிதை எழுதினார். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற இதழாளர் வில்லியம் ஆலன் வைட்டுடன் இணைந்து 1893இல் ஒரு கவிதைத் தொகுதியும் வெளியிட்டார். 1895இல் கடையை விற்றுவிட்டு, எழுத்தையே தொழிலாகக் கொள்ளும் துணிவோடு நியூயார்க் நகரம் புகுந்தார்.

அங்கே அவருக்கு முதலில் நிலைத்த இடம் தந்தது சிறுவர் இலக்கியமே ஆகும். செயின்ட் நிக்கலஸ் என்னும் புகழ்மிக்க சிறுவர் இதழில் 1899இல் தொடங்கிய வாசகர் கழகப் பகுதியைப் பல்லாண்டு நடத்தினார். சிறுவர் சிறுமியர் அனுப்பும் கவிதை, கதை, ஓவியங்களுக்குப் பரிசளித்து ஊக்கிய பகுதி அது. பின்னாளில் பெருங்கவிஞராக உயர்ந்த எட்னா செயின்ட் வின்சென்ட் மிலே தம் இளமைக் கவிதைகளை அங்கே வெளியிட்டார். காட்டு விலங்குகள் மரப்பொந்தில் கூடி வாழும் பெயினின் கதைகளை அமெரிக்கக் குழந்தைகள் விரும்பிப் படித்தனர்.

அவரை வரலாற்றாசிரியராக்கியது, கருத்துப்பட ஓவியர் தாமஸ் நாஸ்ட் பற்றி 1904இல் வெளிவந்த நூல். நியூயார்க் நகராட்சியைச் சூறையாடிய ட்வீட் கும்பலை ஹார்ப்பர்ஸ் வீக்லி இதழில் தம் தூரிகையால் சாய்த்தவர் நாஸ்ட். சிறையினின்று தப்பி ஸ்பெயின் நாட்டுக்கு ஓடிய ட்வீட், 1876இல் நாஸ்டின் படம் ஒன்றினால் அடையாளம் காணப்பட்டுப் பிடிபட்டான். குடியரசுக் கட்சிக்கு யானையைச் சின்னமாக்கிய கையும் அவருடையதே. அத்தகையவர் இறுதியில் வறுமையுற்று, ஈக்வடார் நாட்டில் தூதரகப் பணியேற்று, 1902இல் மஞ்சட்காய்ச்சலுக்கு இரையானார். பெயின் இவ்வாழ்வைப் படங்களோடு பின்னி எழுதினார். நாஸ்டுக்கு மார்க் ட்வெய்ன் எழுதியிருந்த மடல்களைப் பயன்படுத்த ட்வெய்னிடம் இசைவு வேண்டினார். அந்நூல் ட்வெய்னின் உள்ளத்தையும் கவர்ந்தது.

1906ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் பிளேயர்ஸ் மன்றத்தில் ட்வெய்னுக்கு ஒரு விருந்து நடந்தது. நண்பர் ஒருவர் தூண்ட, மூன்று நாள் கழித்து ஐந்தாம் அவென்யூவில் 21ஆம் எண் இல்லத்துக்குச் சென்ற பெயின், தயங்கித் தயங்கித் தம் விருப்பத்தை வெளியிட்டார். எழுபது வயதைக் கடந்த எழுத்தாளர் உடனே இசைந்தார். சனவரி 9ஆம் நாள் சுருக்கெழுத்தாளர் ஜோசஃபின் ஹாபி உடனிருக்க, தன்வரலாற்று மொழிவு தொடங்கியது. காலை வேளைகளில் பெரிய கட்டிலில் தலையணைகளில் சாய்ந்தபடி, நினைவு போகும் வழியெல்லாம் ட்வெய்ன் பேசிச் செல்வார். பெயின் கேட்டிருப்பார், வேண்டுமிடத்து வினவுவார்.

சில திங்களில் பெயினுக்கு ஒன்று புலப்பட்டது. மொழியப்படுவன யாவும் சுவையானவை. ஆனால் நடந்தவை அல்ல. கிழவரின் நினைவில் கற்பனை தன் வேலையைச் செய்து முடித்திருந்தது. இதனைக் கண்டுகொண்டதும், கண்டதைத் தம் நூலிலேயே ஒளியாது குறித்ததும் பெயினின் வரலாற்று மனச்சான்றுக்கு நற்சான்று. ஆதலின் அவர் 1907இல் புறப்பட்டு மிசிசிப்பி ஆற்றங்கரைக்கும், ட்வெய்ன் வளர்ந்த ஹானிபல் ஊருக்கும், மேற்குச் சுரங்க நாட்டுக்கும் நேரே சென்றார். ட்வெய்னுக்குப் படகோட்டக் கற்பித்த ஹொரேஸ் பிக்ஸ்பியைக் கண்டார். நோயுற்றிருந்த பழந்தோழர் ஸ்டீவ் கில்லிஸைக் கண்டார். நெவாடாவில் ட்வெய்னைச் செய்தியாளராக்கிய ஜோ குட்மனைக் கண்டார். (இந்தக் குட்மன்தான் பின்னாளில் மாயா இனத்தாரின் காலக்கணக்கை நம் காலக்கணக்கோடு பொருத்திக் காட்டி 1905இல் எழுதியவர், நாளிதழ் ஆசிரியர் ஒருவர் செய்த அப்பணியை அறிஞர் உலகம் நெடுங்காலம் கழித்தே மதித்தது.) சிலரை அவர் சந்தித்திராவிடில் அவர்தம் நினைவுகள் அவர்களோடே மறைந்திருக்கும். மேலும் சில ஆண்டுகளில் ட்வெய்ன் சென்ற மத்தியதரைக் கடல் வழியிலும் பெயின் கப்பலேறினார்.

இவ்வுறவு தொழிலுறவாக மட்டும் நில்லவில்லை. 1906 இறுதியில் திருமதி ஹென்றி ராஜர்ஸ் அளித்த பில்லியர்ட்ஸ் மேசையில் இருவரும் நாள்தோறும் நெடுநேரம் ஆடினர். மொழிவு வேளையைக் காட்டிலும் அம்மேசையருகே பெயின் கற்றது மிகுதி எனல் தகும். நிழற்படக் கலைஞரின் பழைய கை அவரிடம் மறையவில்லை. 1906 கோடையில் நியூ ஹாம்ப்ஷயரின் டப்ளின் ஊரில் தாழ்வாரத்து ஆடுநாற்காலியில் அமர்ந்த ட்வெய்னை அவர் எடுத்த ஏழு படங்களுக்கு, நல்லவனாவதா வேண்டாவா என்று தாம் எண்ணி எண்ணிக் கைவிடுவதாக ட்வெய்ன் குறும்பாகக் குறிப்பெழுதினார். பெயினின் வீடு இருந்த கனெக்டிகட் மாநிலத்து ரெடிங் ஊரிலேயே ட்வெய்ன் நிலம் வாங்கினார். அதனை நேரில் பாராமலே வீடு எழுப்பச் செய்து, 1908 ஜூன் 18இல் குடிபுகுந்தார். ஆனால் அவ்வீட்டில் அமைதி நெடிது நிலைக்கவில்லை. செயலர் இசபெல் லயனுக்கும் பெயினுக்கும் கடிதங்களைக் கையாளும் உரிமை குறித்துக் கசப்பு முற்றியது; 1909இல் லயன் விலக்கப்பட்டார். அவ்வாண்டு கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள் இளைய மகள் ஜீன் இறந்தாள். உடல் நலிந்து பெர்முடாவில் தங்கியிருந்த ட்வெய்னை 1910 ஏப்ரலில் பெயினே சென்று கப்பலில் அழைத்து வந்தார். மூச்சுத் திணறும் முதியவரின் அருகே அமர்ந்து கழித்த அப்பயண நாள்களை அவர் எழுதிய பக்கங்கள், அவர் எழுத்தனைத்திலும் சிறந்தவை. ஏப்ரல் 21இல் ட்வெய்ன் மறைந்தார்.

1912இல் ஹார்ப்பர் நிறுவனம் வெளியிட்ட வரலாறு ஏறத்தாழ 1,700 பக்கங்கள் கொண்டது. அதில் பிழைகள் உள. கதாநாயகனை உயர்த்தும் அன்பு மிகுதியும் உளது. ஆயினும் வேறெங்கும் கிடையாத செய்திகள் செறிந்த களஞ்சியம் அது. ட்வெய்னின் மேதைமை சூழலால் நசுங்கியது என்று 1920இல் கடுமையாக வழக்காடிய வான் விக் புரூக்ஸும் தம் வாதத்துக்கு வேண்டிய செய்திகளைப் பெரும்பாலும் பெயினிடமிருந்தே எடுத்தார்.

இதுவரை போற்றத் தடையில்லை. ட்வெய்னின் எழுத்துடைமைகளுக்குப் பொறுப்பாளரான பின்னரே பெயின் வேறொருவர் ஆகிறார். மகள் கிளாராவோடு இணைந்து, தாம் அறிந்த ட்வெய்ன் ஒருவரையே உலகம் அறியவேண்டும் என்று முடிவு செய்தார். 1917இல் வெளியிட்ட கடிதங்களில் தமக்கு ஒவ்வாதவற்றை நீக்கினார். 1924இல் வந்த தன்வரலாறு ஒரு பகுதியே. 1926இல் ஹார்ப்பர் நிறுவனத்துக்கு எழுதிய மடலில், தடுக்க இயலும் வரை ட்வெய்ன் பற்றி வேறெவரும் எழுத இடந்தரலாகாது என்றும், இடந்தந்தால் தாங்கள் காத்துவந்த உருவம் மங்கிவிடும் என்றும் வற்புறுத்தினார். அவ்வுருவத்தோடு பதிப்பகத்தின் விற்பனையும் பிணைந்திருந்தது என்பதை மறத்தற்கில்லை.

யாவற்றினும் பெரிய குறை 1916இல் வெளிவந்த மர்மமான அந்நியன் பற்றிய நெடுங்கதை. ட்வெய்ன் அதனை மூன்று வேறு வடிவங்களில் எழுதி, முடிக்காமலே விட்டிருந்தார். பெயினும் ஹார்ப்பர் பதிப்பாசிரியர் ஃபிரெடரிக் டுனெகாவும் முதல் வடிவத்தை எடுத்து, அதில் பெரும் பகுதியை வெட்டினர். தீய பாதிரியாரின் செயல்களை ஏற்பதற்கு ட்வெய்னின் அக்கதையில் இல்லாத சோதிடன் ஒருவனைப் புகுத்தினர். மூன்றாம் வடிவத்தின் இறுதி அதிகாரத்தைக் கதையின் முடிவாக ஒட்டினர். இவ்வளவும் செய்து, செய்ததை வாசகர்க்கு ஒரு சொல்லாலும் அறிவிக்கவில்லை. ஆசிரியர் விட்டுச்சென்ற துண்டுகளைப் பொருத்திப் படிக்கத்தக்க நூலாக்குவது குற்றமன்று. பதிப்பாசிரியர் அதனைச் சொல்லாது விடுவதே குற்றம். மறைந்த நண்பரின் கடிதத்தைத் திருத்துவதும் கதையைத் திருத்துவதும் பெயினுக்கு ஒரே அன்பின் செயல்களாகத் தோன்றியிருக்கலாம். ஏட்டைப் பெயர்த்தெழுதுவோன் தன் சொல்லைப் புகுத்தினால் பாடம் கெடும் என்பதைச் சுவடிப் பதிப்பை அறிந்த எவரும் உணர்வர்.

பெயின் பிற வாழ்வுகளையும் எழுதினார். டெக்சஸ் காவலர் பில் மெக்டானல்டு பற்றி 1909இலும், தொலைபேசித் துறைத் தலைவர் தியோடர் வேயில் பற்றி 1921இலும், திரைக்கலைஞர் லில்லியன் கிஷ் பற்றி 1932இலும் நூல்கள் வந்தன. ட்வெய்ன் தாமே புதினமாக எழுதிப் போற்றிய ஜோன் ஆஃப் ஆர்க்கைப் பற்றிப் பெயின் 1925இல் இரு தொகுதிகள் எழுதினார். அதற்காக 1928இல் பிரெஞ்சு அரசு அவருக்கு விருதளித்தது. இவற்றுள் கிஷ் பற்றிய நூல் இன்றும் திரை வரலாற்றினர்க்குப் பயன்படுவது. மற்றவை காலத்தோடு போயின.

1937 ஏப்ரல் 9ஆம் நாள் புளோரிடாவின் நியூ ஸ்மிர்னா ஊரில் பெயின் மறைந்தார். அவருக்குப்பின் பெர்னார்ட் டிவோட்டோ 1938இல் பொறுப்பேற்றார். பெயின் உயிரோடிருந்த காலத்தில் ஏடுகளைக் காண அனுமதி மறுக்கப்பட்டவர் அவர். டிவோட்டோ தொகுத்த மண்ணுலகக் கடிதங்களைக் கிளாரா தடுத்தார். அவை 1962இல்தான் வெளிவந்தன. 1963இல் ஜான் டக்கி மூன்று கையெழுத்து வடிவங்களையும் ஒப்புநோக்கி, 47 ஆண்டுகள் ட்வெய்னின் பெயரால் படிக்கப்பட்ட கதை எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதை நிறுவினார். உண்மை வடிவங்களைக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் 1969இல் வெளியிட்டது. அப்பல்கலைக்கழகமே 2010 முதல் 2015 வரை மூன்று தொகுதிகளாக முழுத் தன்வரலாற்றையும் அச்சிட்டது. அதன் மொழிவுகளுள் முதலாவது, தயங்கி வந்த நிழற்பட வணிகர் ஒருவர் கட்டிலருகே அமர்ந்து கேட்டிருந்த 1906 சனவரி 9ஆம் நாளுக்குரியது.