முப்பது ஆண்டுகள் உறங்கிய கட்டுரை

வெள்ளி விழா மலர்களில் அண்ணல் அம்பேத்கர், அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசன் ஆகியோரின் வரலாறுகள் இடம்பெறுவது மரபு. நாம் எழுதப் புகுவதோ ஒளியியல் விஞ்ஞானி எஸ். பஞ்சரத்தினத்தைப் பற்றி. அவர் நம் சமுதாயத்தவர் அல்லர். கல்வி மறுக்கப்பட்ட குடியில் பிறந்தவரும் அல்லர். 1930இல் நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமனின் சகோதரி மகன். இருந்தும் அவர் எழுதிய கட்டுரைக்கு நேர்ந்த கதியை நம் இளைஞர் அறிந்திருத்தல் வேண்டும் எனக் கருதுகின்றோம்.

1934இல் கல்கத்தாவில் பிறந்த பஞ்சரத்தினம், இருபது வயதையொட்டிய பருவத்திலேயே பெங்களூரில் இராமன் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றத் தொடங்கினார். ஐயோலைட் முதலிய படிகங்களினூடே ஒளி செல்லும் விதத்தை ஆராய்ந்தார். வேலிக் குச்சிகளின் இடுக்கில் கயிற்றை நுழைத்து ஆட்டினால், இடுக்கின் திசையில் எழும் அலை மட்டுமே அப்பால் செல்லும். அதுபோல் ஒரு திசையில் மட்டும் அதிரும்படி அமைந்த ஒளியைத் தளவிளைவு ஒளி என்பர். இவ்வொளியே அவருடைய ஆராய்ச்சிப் பொருள்.

1956இல், தமது இருபத்திரண்டாம் வயதில், இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இதழில் ஒளியின் குறுக்கீட்டு விளைவு பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் சாரத்தை விளங்கிக்கொள்ளப் பள்ளியிலுள்ள பூமி உருண்டையே போதும். வடதுருவத்தில் ஒரு குச்சியைத் தெற்கு நோக்கி வைத்து, அதைச் சிறிதும் திருப்பாமல் நிலநடுக்கோடு வரை இறக்குக. அக்கோட்டின் வழியே கால் வட்டம் நகர்த்தி, மீண்டும் துருவத்திற்கு ஏற்றுக. புறப்பட்ட இடத்திற்கே வந்த குச்சி, செங்கோணம் திரும்பியிருக்கும்! ஒளியின் தளவிளைவு நிலைகளையும் இவ்வாறே ஒரு கோளத்தின் மீது குறிக்கலாம். அவ்வழி மூன்று நிலைகளைச் சுற்றித் தொடங்கிய நிலைக்கே திரும்பும் ஒளி, தன் கட்டத்தில் மாறியிருக்கும் என்றும், அம்மாற்றம் அம்முக்கோணத்தின் திண்மக் கோணத்தில் பாதி என்றும் பஞ்சரத்தினம் நிறுவினார்.

இத்துணை அரிய முடிவை உலகம் கண்டுகொள்ளவில்லை. ஓர் ஆராய்ச்சியைப் பின்வருவோர் எத்தனை பேர் எடுத்தாளுகின்றனர் என்பதைக் கொண்டு அதன் செல்வாக்கை அளப்பது அறிஞர் வழக்கம். அவ்வளவுகோலின்படி இக்கட்டுரை பல்லாண்டுகள் ஏறத்தாழ இல்லாததற்கே சமம். மேல்நாட்டார் இந்திய இதழ்களை அரிதாகவே புரட்டினர் என்பது ஒரு காரணம். படிக ஒளியியலின் மொழியில் எழுதப்பட்டதால் ஏனைய துறையினர் கண்ணில் படாமற்போனதும் உண்டு.

பஞ்சரத்தினம் பின்னர் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராய் இருந்தார். 1964இல் ஆக்ஸ்போர்டு சென்றார். அங்கேயே 1969 மே 28ஆம் நாள், முப்பத்தைந்தே வயதில் காலமானார். அவருடைய கட்டுரைகள் 1975இல் நூலாகத் தொகுக்கப்பெற்றன. அப்போதும் அக்கட்டுரையின் மதிப்பு உணரப்படவில்லை.

1984இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பெரி, குவாண்டம் இயலில் இத்தகைய கட்ட மாற்றத்தைத் தாமே தனித்துக் கண்டு வெளியிட்டார், உலகம் வியந்தது. ஈராண்டு கழித்து இராமசேஷன், நித்யானந்தா ஆகிய இருவரும் பெங்களூர் இதழொன்றில் எழுதி, 1956ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சுட்டிக்காட்டினர். பெரி மனம் கோணவில்லை. 1987இல் தாமே எழுதிய கட்டுரையில் பஞ்சரத்தினத்தின் முதன்மையை ஒப்புக்கொண்டார். இப்பெருந்தன்மை அறிவுலகில் அத்துணை மலிவானது அன்று.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. இராமசேஷனும் இராமனின் உறவினரே. மாமன் நிறுவிய நிலையம் கட்டுரை எழுத இடந்தந்தது. உறவினர் ஒருவர் அதை மீட்டுத் தந்தார். விசைத்தறி ஓட்டுபவரின் மகளுக்கு, சாயப்பட்டறைத் தொழிலாளியின் மகனுக்கு, அத்தகைய மாமன் ஏது? குமாரபாளையத்தில் பிறந்த ஒருவரின் கட்டுரை அவ்வாறு உறங்கினால் தட்டி எழுப்புவார் யார்? கல்விச் சங்கம் ஒன்று நமக்கு வேண்டியிருந்ததன் காரணங்களுள் இதையும் சேர்த்தே எண்ணுகின்றோம். உதவித்தொகையும் விடுதியும் மட்டுமே அதன் வேலையன்று.

இன்று அக்கட்டம் இருவர் பெயராலும் பஞ்சரத்தினம்–பெரி கட்டம் என வழங்குகிறது. அதை எடுத்தாண்டோர் எண்ணிக்கை ஆயிரங்களைக் கடந்துவிட்டது. காகிதத்தினும் மெல்லிய தட்டை வில்லைகள் அத்தத்துவத்தின் மீதே செய்யப்படுகின்றன. மூலக் கட்டுரை அக்கழக இதழின் 44ஆம் தொகுதியில், 247ஆம் பக்கத்தில் தொடங்கிப் பதினாறே பக்கங்களில் முடிகிறது. பழைய தொகுதிகளைக் கழகம் இணையத்தில் கட்டணமின்றி வைத்துள்ளது. பள்ளிக் கணினியிலேயே நம் மாணவர் அதைத் திறந்து பார்க்கலாம்.