அரங்கை விட்டகன்ற ரசீன்

நாடகம், திரைப்படம் முதலாய பொழுதுபோக்குகளுள் எவற்றைக் கிறிஸ்தவன் ஏற்கலாம், எவற்றை விலக்கவேண்டும் என்னும் வினா ஆசிரியத் தொழிலில் இருப்போர் முன் அடிக்கடி வந்து நிற்பதொன்று. பல ஆண்டுகளுக்கு முன்னர், நான் கற்பித்த பாடசாலையின் ஆண்டு விழாவுக்கு நாடகம் தெரிவுசெய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. மாணவர் சிலர் காதற்கதை ஒன்றைக் கொண்டுவந்தனர். நான் அதனை ஒதுக்கிவிட்டு, விவிலியக் கதை ஒன்றை நடிக்குமாறு பணித்தேன். கதை புனிதமாயின் அதனை நடிப்பதும் பார்ப்பதும் புனிதமாகிவிடும் என்பது அன்று என் துணிபு. அத்துணிபு எத்துணை ஆழமற்றது என்பதைப் பின்னாளில் எனக்கு உணர்த்தியது, பிரெஞ்சு நாடகாசிரியர் ழான் ரசீனின் வாழ்க்கை வரலாறாகும்.

ரசீன் 1639ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், பிரான்சு நாட்டின் லா பெர்த்தே மிலோன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். ஒரு வயதில் தாயையும் மூன்று வயதில் தந்தையையும் இழந்த குழந்தையைப் பாட்டனாரும் பாட்டியாரும் வளர்த்தனர். பாட்டனார் மறைந்தபின் பாட்டியார், பாரிஸ் நகருக்கு அணித்தாயிருந்த போர்ட் ரோயல் கன்னியர் மடத்தைச் சேர்ந்தார். பேரனும் அம்மடத்தைச் சார்ந்த பள்ளியிற் கல்வி பெறலானார். மனிதன் தன் முயற்சியாலன்றி இறையருளாலேயே ஈடேறுவான் என்பதை மிகக் கண்டிப்போடு வற்புறுத்திய ஜான்சனியர் என்னும் கத்தோலிக்கப் பிரிவினரின் நிலைக்களம் அது. உலக இன்பங்களை ஐயத்தோடு நோக்கிய அவர்களே அக்காலப் பிரான்சிற் கிரேக்க மொழியை மிகத் திறம்படக் கற்பித்தவர்களுமாவர். சோபொக்கிளீசையும் யூரிப்பிடீசையும் மூலமொழியிற் சுவைக்கும் ஆற்றலை ரசீன் பெற்றது அவர்களிடத்திலேதான். அரங்கை வெறுத்தவர்களே அரங்கின் பெருங்கவிஞர் ஒருவரை ஆக்கிவைத்தனர்.

அவர் மாணவப் பருவத்து நிகழ்ச்சி ஒன்றை, அவருடைய இளைய மகன் லூயி ரசீன் தாம் எழுதிய வரலாற்றிற் குறித்துள்ளார். கிரேக்கக் காதற் புனைகதை ஒன்றைச் சிறுவன் படித்துக்கொண்டிருப்பதை ஆசிரியர் கண்டு, நூலைப் பறித்துத் தீயிலிட்டார். மற்றொரு படி தேடிக் கொணர்ந்தபோது அதற்கும் அக்கதியே நேர்ந்தது. மூன்றாம் படியைப் பெற்ற சிறுவன், கதை முழுவதையும் நெட்டுருப்பண்ணிவிட்டு, இனி இதனையும் எரித்துக்கொள்ளலாம் என்று தானே ஆசிரியரிடம் ஒப்படைத்தானாம். விலக்கப்பட்ட நூல் தீயில் வெந்தது. ஆயின் அது அவன் நெஞ்சிற் குடிபுகுந்தது. விலக்கு ஒன்றே கல்வியாகிவிடும் என நம்பும் ஆசிரியர்கள் இந்நிகழ்ச்சியைச் சிந்தித்தல் நலம்.

பாரிஸ் நகரை அடைந்த இளைஞர் நாடக உலகின்பால் ஈர்க்கப்பட்டார். மடத்திற் கன்னியராயிருந்த அவர் அத்தை, நாடகக்காரரின் கூட்டுறவை விட்டுவிடுமாறு கண்ணீரோடு வேண்டிக் கடிதம் எழுதினார். அவர் செவிசாய்த்தாரல்லர். அவருடைய முதல் நாடகத்தை 1664இல் மொலியேரின் குழுவினர் மேடையேற்றினர். அடுத்த ஆண்டில் 'அலெக்சாந்தர்' என்னும் நாடகத்தையும் அக்குழுவிடமே கொடுத்தார். ஆயினும் நடிப்பு மனநிறைவளிக்கவில்லை என்று எண்ணி, சில நாட்களுக்குள் அதனைப் போட்டிக் குழுவொன்றுக்கும் வழங்கிவிட்டார். தம்மைக் கைதூக்கிவிட்ட மொலியேரின் நட்பை இதனால் இழந்தார். புகழ் வேட்கை அவரை எவ்வளவு தூரம் இழுத்துச் சென்றது என்பதற்கு இது சான்று.

1666இல் அவருடைய பழைய ஆசிரியருள் ஒருவரான நிக்கோல், புனைகதை எழுதுவோரும் நாடகம் எழுதுவோரும் மக்களின் ஆன்மாவுக்கு நஞ்சூட்டுவோரே எனும் கருத்துப்பட எழுதினார். வேறொருவரைக் கருதி எழுதப்பட்ட அம்மொழி ரசீனைச் சுட்டது. உடனே தம் ஆசிரியரை எள்ளி நகையாடி மறுமொழியொன்றை வெளியிட்டார். தொடர்ந்து எழுதிய இரண்டாவது மறுமொழியை நண்பரின் அறிவுரையால் வெளியிடாது நிறுத்திக்கொண்டார். வளர்த்த மடத்துக்கும் அவருக்கும் இடையே ஏற்பட்ட பிளவு பத்தாண்டுக்கு மேலாக நீடித்தது.

அப்பத்தாண்டே அவருடைய பொற்காலம். 1667இல் 'அந்திரொமாக்', 1669இல் 'பிரித்தானிக்கஸ்', 1670இல் 'பெரனீஸ்', 1674இல் 'இபிஜனீ' என அவர்தம் அவலநாடகங்கள் வரிசையாய் வெளிவந்தன. அழிவைத் தருமென அறிந்தும் காதலைக் கைவிடமாட்டாது தவிக்கும் உள்ளத்தை அவரைப்போல் நுணுகிக் காட்டினார் சிலரே. அதே காலத்தில் அரங்குக்கும் திருச்சபைக்கும் இடையிலிருந்த பகை எத்தகையதென்பதையும் அவர் நேரிற் கண்டார். தொழிலைத் துறவாது இறக்கும் நடிகருக்குக் கிறிஸ்தவ அடக்கம் மறுக்கப்பட்ட காலம் அது. 1673இல் மொலியேர் இறந்தபோது, மன்னர் தலையிட்ட பின்னரே, அதுவும் இராக்காலத்தில், அவருடலைப் புதைக்க இசைவு கிடைத்தது.

1677ஆம் ஆண்டின் முதல் நாளில் 'பேத்ர்' அரங்கேறியது. மாற்றாள் மகன்மேற் கொண்ட தகாக் காதலால் வெந்து, தன் நெஞ்சின் குற்றத்தைத் தானே அருவருத்து மாயும் அரசியின் கதை அது. குற்றம் செய்வது ஒருபுறமிருக்க, அதனை எண்ணுவதே அச்சந்தருவதாக இந்நாடகத்திற் காட்டப்பட்டதென்று கூறிய ஆசிரியர், இத்தகைய படைப்பு அரங்கையும் பக்திமான்களையும் இணக்கக்கூடும் என்ற நம்பிக்கையையும் முன்னுரையில் வெளியிட்டார். போர்ட் ரோயல் அறிஞர் ஆர்னோ அதனைப் படித்து ஏற்றுக்கொண்டார் என்பர்.

ஆயின் இந்நாடகத்தோடு ரசீன் பொது அரங்கை விட்டகன்றார். அவருக்கு வயது முப்பத்தேழு. பகைவர் இதே கதையில் வேறொரு நாடகத்தைப் போட்டிக்கு மேடையேற்றியமை அவரைப் புண்படுத்தியது. அரச வரலாற்றாசிரியர் பதவி அவ்வாண்டிலேயே அவரை வந்தடைந்தது. இவை யாவும் காரணங்களே என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், பழைய ஆசிரியரோடு அவர் ஒப்புரவாகியதும், உலகைத் துறந்து கடுந்துறவியர் சபையிற் சேர எண்ணியதும் அவர்தம் உள்ளத்து மாற்றத்தைக் காட்டுவனவாம். துறவைவிட இல்லறமே ஏற்றதென ஆன்ம குருவானவர் அறிவுறுத்த, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் கத்தரீன் என்னும் மங்கையை மணந்தார். கணவரின் நாடகங்களுள் ஒன்றையேனும் படித்தறியாத பெண்மணி அவர்.

மக்கள் எழுவர் பிறந்தனர். பிரபு ஒருவர் விருந்துக்கு அழைத்தபோது, வீட்டிற் பிள்ளைகள் தம்மோடிருந்து உண்பதற்காகப் பெரிய மீனொன்றை வைத்துக் காத்திருக்கின்றனர் என்று கூறி மறுத்துவிட்டாராம். பிள்ளைகள் குருமாராக வேடம்பூண்டு பவனி விளையாடும்போது, பிரான்சின் பெருங்கவிஞர் சிலுவையை ஏந்தி அவர்களோடு நடப்பாராம். அரங்கின் கைதட்டலைத் துறந்தவர் மகிழ்ச்சியைத் துறந்தாரல்லர்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. மன்னர் பதினான்காம் லூயியின் துணைவியாரான மதாம் தெ மந்தெனோன், வறிய உயர்குடிச் சிறுமியர் இருநூற்றைம்பதின்மருக்காகச் சான் சீர் என்னுமிடத்திற் கல்விச்சாலை ஒன்றை நிறுவியிருந்தார். அங்கு மாணவியர் 'அந்திரொமாக்' நாடகத்தை நடித்தனர். காதல் வேகத்தை அவர்கள் அளவுக்கு மிஞ்சிய திறமையோடு நடிக்கக்கண்டு அஞ்சிய அம்மையார், காதல் கலவாத சமய நாடகமொன்றை எழுதித்தருமாறு ரசீனை வேண்டினார். அவ்வாறு பிறந்ததே 'எஸ்தர்'. தன் இனத்தாரைக் காக்க உயிரைப் பொருட்படுத்தாது பாரசீக மன்னன் முன் சென்ற யூத அரசியின் விவிலியக் கதை, சிறுமியர் பாடும் குழுப்பாடல்களுடன் அமைந்தது.

1689 ஜனவரி 26இல் அது நடிக்கப்பட்டது. நிகழ்ந்தது யாது? அரச நடனங்களுக்கெனச் செய்யப்பட்ட முத்தும் வைரமும் சிறுமியரை அலங்கரித்தன. அழைப்புப் பெறுவதே பெரும் பேறென அரசவையினர் முண்டியடித்தனர். நாடுவிட்டு வந்திருந்த இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்சும் வந்து பார்த்தார். மன்னர் லூயி தாமே வாயிலில் நின்று, பட்டியலைப் பார்த்து விருந்தினரை உள்ளேவிட்டார் என்பர். புகழுரை கேட்ட சிறுமியரிடம் செருக்குப் புகுந்தது. இது தகாதென்று குருமார் சிலர் குரலெழுப்பினர். கதையிலே குற்றமில்லை, கவியும் தூயது. ஆயினும் சூழ்ந்திருந்த பகட்டு, அந்நாடகத்தை அரண்மனைக் கேளிக்கைகளுள் ஒன்றாக்கிவிட்டது.

அடுத்த நாடகமாகிய 'அத்தாலி' 1691 ஜனவரியில் அரங்கேறியபோது, அம்மையார் பாடம் கற்றிருந்தார். திரையில்லை, காட்சியமைப்பில்லை, அணிகலனில்லை. மாணவியர் தம் அன்றாட உடையிலேயே, மன்னர் முன்னிலையில் ஓர் அறையினுள் நடித்தனர். கொடுங்கோல் அரசி அத்தாலியாளிடமிருந்து ஆலயத்துள் மறைத்து வளர்க்கப்பட்ட சிறுவன் யோவாஸ் அரியணை ஏறும் கதை அது. அன்று ஆரவாரமெழவில்லை. நூல் அச்சான பின்னும் வரவேற்புக் குன்றியே இருந்தது. பொது அரங்கில் அது தோன்றியது ஆசிரியர் இறந்து பல்லாண்டு கழிந்து 1716இல். சமயத்தைக் கடுமையாகத் தாக்கிய வோல்தேரே பின்னர் அதனை உச்சமாகப் போற்றினார்.

இறுதிக்காலத்தில் ரசீன் ஞானப்பாடல்கள் இயற்றினார். போர்ட் ரோயலின் வரலாற்றையும் எழுதினார். நாடகம் பார்க்கச் செல்லவேண்டாமெனத் தம் மூத்த மகனுக்குக் கடிதமூலம் புத்தி கூறினார். ஆயினும் 1697இல் தம் நாடகங்களைத் திருத்தி ஒருங்கே பதிப்பிக்கவும் செய்தார். இம்முரண்பாட்டை நான் குறையாகக் கருதவில்லை. தாம் பெற்ற மக்களைத் தாமே கொல்ல எந்தத் தந்தையும் துணியான். 1699 ஏப்ரல் 21இல் அவர் உயிர் நீத்தார். அவர் விருப்பப்படி போர்ட் ரோயலில் அடக்கம் செய்யப்பட்டார். அரசன் ஆணையால் அம்மடம் இடிக்கப்பட்டபோது, 1711இல் அவர் எச்சங்கள் பாரிஸ் நகரின் புனித எத்தியேன் ஆலயத்துக்கு மாற்றப்பட்டன.

இவ்வரலாற்றைக் கற்றபின், எங்கள் ஆண்டு விழாவை நினைத்துப் பார்த்தேன். நான் தெரிந்துகொடுத்த விவிலிய நாடகத்தில் அரச வேடம் யாருக்கென இரு மாணவர் பூசலிட்டனர். பளபளக்கும் உடைக்காகப் பெற்றோர் கடன்பட்டனர். சிறுவேடம் பெற்றவன் ஒருவன் ஒத்திகைக்கு வருவதையே நிறுத்திக்கொண்டான். நானோ மேடையில் ஒலித்த கைதட்டலில் மகிழ்ந்து, இவற்றைக் காணாதிருந்தேன். கதையின் பெயரை மட்டும் கேட்டுத் தீர்ப்புக் கூறியது என் பிழை. இதன்பொருட்டுக் கதையின் தகுதியை ஆராயவேண்டியதில்லை என்று நான் கூறவரவில்லை. ரசீனும் அவ்வாறு கருதவில்லை. கதையை ஆராய்வதோடு, அது நடிப்போனை எத்தகையவனாக்குகின்றது, பார்ப்போன் எத்தகைய நெஞ்சோடு வீடு திரும்புகின்றான் என்பனவற்றையும் ஆராய்தல் வேண்டும். இன்று மாணவர் என்னிடம் வினவினால், விலக்கு நூற்பட்டியல் எதனையும் கொடேன். முத்தும் வைரமும் பூண்ட 'எஸ்தர்' நாடகத்தையும், அன்றாட உடையில் நடந்த 'அத்தாலி'யையும் அருகருகே வைத்துக் காட்டுவேன்.