பெர்லினில் கிட்டாத பட்டம்

டாக்டர் பட்டத்திற்கு ஆராய முற்படுவோரை முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, எந்தத் துறை என்பதே. வரலாற்று மாணவனாகிய நான் ஓர் ஊரின் நிலவுடைமையைப் பற்றி எழுத எண்ணினால், பொருளாதாரமும் சமூகவியலும் தாமே வந்து நுழைந்து விடுகின்றன. ஆகவேதான் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸின் மாணவப் பருவம் என் உள்ளத்தைக் கவர்ந்தது.

அவர் 1868இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிரேட் பேரிங்டன் என்னும் சிற்றூரில் பிறந்தவர். ஊரிலிருந்த தேவாலயத்தார் பொருளுதவி செய்ய, 1885இல் தென்பகுதியிலிருந்த பிஸ்க் கல்லூரிக்குச் சென்றார். அங்குப் பட்டம் பெற்றும், ஹார்வர்டு அவரை இளங்கலை மூன்றாம் ஆண்டில்தான் சேர்த்துக்கொண்டது! 1890இல் தத்துவத்தில் மீண்டும் பட்டம் பெற்றார். பின்னர் வரலாற்றுக்கு வந்தார்.

அந்நாளில் மேற்படிப்பு என்றால் ஜெர்மனிதான். கறுப்பின மக்களின் கல்விக்கென அமைந்த ஸ்லேட்டர் நிதியின் தலைவராக இருந்தவர் முன்னாள் குடியரசுத் தலைவர் ஹேய்ஸ். ஐரோப்பாவுக்கு அனுப்பத்தக்க கறுப்பின மாணவர் கிடைக்கவில்லை என்று அவர் 1890இல் பேசியது செய்தித்தாளில் வந்தது. டு பாய்ஸ் வாளாவிருக்கவில்லை. மடல்மேல் மடலாக எழுதிப் போராடி, 1892இல் 750 டாலர் பெற்றார். அதிலும் பாதி கடன்!

பெர்லினில் ஷ்மோலர், வாக்னர் ஆகிய பொருளாதாரப் பேராசிரியர்களிடம் பயின்றார். கோட்பாட்டை முன்வைத்து உண்மைகளைத் தேடாமல், உண்மைகளைத் திரட்டிய பின்பே முடிவுக்கு வரவேண்டும் என்பது ஷ்மோலரின் நெறி. அமெரிக்கத் தென்பகுதியின் வேளாண்மை பற்றி அவரிடம் ஆய்வேடும் எழுதலானார். ஆனால் அங்கு அவர் பயின்ற பருவங்கள் விதிப்படி போதவில்லை. உதவித் தொகையை நீட்டிக்க நிதியினரும் மறுத்தனர். 1894இல் பட்டமின்றி ஊர் திரும்பினார்.

மறு ஆண்டே ஹார்வர்டு அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. அங்கு அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. அமெரிக்காவுக்கு அடிமைகளைக் கொணரும் வாணிகம் ஒடுக்கப்பட்ட வரலாறே ஆய்வுப் பொருள். 1896இல் ஹார்வர்டு வரலாற்று வரிசையின் முதல் நூலாக அது வெளிவந்தது.

எனினும் வேலை கிட்டிய வில்பர்போர்ஸ் கல்லூரியில் இலத்தீனும் கிரேக்கமும் கற்பிக்க வேண்டியதாயிற்று. சமூகவியல் நடத்த அவர் கேட்டபோது இசைவு கிட்டவில்லை. 1896இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் பிலடெல்பியாவின் ஏழாம் வட்டாரத்துக் கறுப்பின மக்களை ஆராய அழைத்தது. பதவியின் பெயரோ துணைப் பயிற்றுநர்! புதுமணத் துணைவியுடன் அவ்வட்டாரத்திலேயே ஓர் அறையில் குடியிருந்து, ஏறத்தாழ 2,500 குடும்பங்களை அவரே நேரில் கண்டு வாடகை, கூலி, தொழில், கல்வி அனைத்தையும் கேட்டுக் குறித்தார். 1899இல் வெளிவந்த அந்நூல் வரலாறா, பொருளாதாரமா, சமூகவியலா என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலவில்லை. பெர்லினில் கற்ற முறை அதில் பக்கந்தோறும் தெரிகிறது.

அதன்பின் அட்லாண்டாவில் ஆசிரியப் பணி, உரிமைப் போராட்டம், பத்திரிகை, அரசின் கெடுபிடி என்று நெடிய வாழ்க்கை. 1963இல் கானா நாட்டின் அக்ராவில் காலமானார். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, பல ஆண்டுகளாக மறுக்கப்பட்டிருந்த கடவுச்சீட்டு கிடைத்து அவர் மீண்டும் பெர்லின் சென்றிருந்தார். ஹம்போல்ட் என்று பெயர் மாறியிருந்த அதே பல்கலைக்கழகம் பொருளாதாரத்தில் மதிப்புறு டாக்டர் பட்டம் அளித்தது. அப்போது அவருக்கு வயது 90.