மகேஷ் சந்திர பானர்ஜி

கல்கத்தா ஆங்கிலேய ஆட்சியின் தலைநகராக இருந்த காலம். அங்கு வழக்கறிஞராகப் பணியாற்றிய ஜான் காக்ரேன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் சதுரங்கத்தில் பெரும் ஆர்வமும் ஆற்றலும் உடையவர். வங்காளத்தின் நாட்டுப்புறத்தில் ஒருமுறையேனும் தோற்றறியாத அந்தணர் ஒருவர் உள்ளார் என்னும் செய்தி, 1848ஆம் ஆண்டையொட்டி அவர் செவிக்கு எட்டியது. அவரே மகேஷ் சந்திர பானர்ஜி. அப்போது அவருக்கு ஏறத்தாழ ஐம்பது வயது.

இருவரும் ஆடினர். காக்ரேன் எளிதில் வென்றார். வியப்பதற்கு ஒன்றுமில்லை, மகேஷ் சந்திரர் கற்றிருந்தது நம் நாட்டுப் பழைய ஆட்டம். காலாள் முதல் நகர்வில் இரண்டு கட்டம் செல்லலாம் என்பதையோ, ஐரோப்பியர் கோட்டை கட்டும் முறையையோ அவர் அறிந்திருக்கவில்லை. தோல்வியின் காரணத்தைக் காக்ரேனே அவருக்கு விளக்கினார். பின்னர் அவரைக் கல்கத்தாவுக்கு அழைத்து வந்து, அங்கிருந்த சதுரங்கக் கழகத்தில் ஊதியத்துக்கு ஆடுபவராக அமர்த்தினார். அந்த வயதில் புதிய விதிகளைக் கற்றார் மகேஷ் சந்திரர். ஆனால் பழைய பழக்கத்தை அவர் விட்டுவிடவில்லை.

காக்ரேன் தொடக்கத்திலேயே பாய்பவர். நான்காம் நகர்விலேயே குதிரையைப் பலி கொடுக்கும் அவருடைய தாக்குதல் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. மகேஷ் சந்திரரோ காலாட்களை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி வேலி அமைப்பார். வங்காளியர் கஜம் என்று சொல்லும் காயை, அதாவது நம் அமைச்சரை, அவ்வேலியின் மூலையில் நிறுத்துவார். நடுக்களத்தை எதிரிக்கே விட்டுக்கொடுப்பார். பார்ப்பவர்க்கு அது அச்சமாகத் தோன்றியிருக்கும்.

ஓர் ஆட்டத்தில் காக்ரேனின் காலாட்கள் நான்கு நடுக்களத்தில் அணிவகுத்து நின்றன. ஒன்பதாம் நகர்வில் மகேஷ் சந்திரர் ஒரே ஒரு காலாளுக்காகத் தம் குதிரையைக் கொடுத்தார். தொடர்ந்து அவருடைய காலாட்கள் முன்னேறின. காக்ரேனின் குதிரை பாய்ந்து வந்து அவருடைய அரசியைத் தாக்கியது. அவர் அரசியை நகர்த்தவில்லை! காலாளால் எதிரியின் மற்றொரு குதிரையை வெட்டினார். காக்ரேன் அரசியை எடுத்துக்கொண்டார். அந்தக் காலாள் மேலும் ஒரு கட்டம் வெட்டி முன்னேறவே, பின்னால் காத்திருந்த அமைச்சருக்கு வழி திறந்தது; காக்ரேனின் அரசியும் வீழ்ந்தது. ஆட்டத்தில் மகேஷ் சந்திரரே வென்றார்.

எனினும் அவர்கள் ஆடிய நூற்றுக்கணக்கான ஆட்டங்களில் மிகுதியாக வென்றவர் காக்ரேனே. 1855ஆம் ஆண்டு மே மாத ஆட்டம் ஒன்றில், காக்ரேன் தம் அரசியைப் பலியிட்டுக் குதிரையால் முற்றுகையை முடிக்கும் நிலைக்கு மகேஷ் சந்திரரைத் தள்ளினார். தோற்றுப்போன அந்த ஆட்டத்தில்தான் அவர் ஒரு புதுமை செய்திருந்தார்: மூலையில் அமைச்சரை நிறுத்தும் அதே முறையில், மூன்றாம் நகர்விலேயே நடுக்களத்தில் காலாளை மோதவிட்டார்.

காக்ரேன் இவ்வாட்டங்களைக் குறித்து வைத்தார். சில இலண்டன் இதழிலும் வெளிவந்தன. ஆங்கில எழுத்தில் மகேஷ் சந்திரரின் பெயர் ஒவ்வோரிடத்தில் ஒவ்வொரு விதமாகச் சிதைந்தது. ஐரோப்பிய வல்லுநர் அவருடைய தற்காப்பு முறைகளை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. 1920களில்தான் அவை பெருமளவில் ஆடப்பட்டன. இன்று இந்தியத் தற்காப்புகள் என்று பெயர் பெற்றுள்ளன. 1855ஆம் ஆண்டில் அவர் ஆடிய அந்தத் தொடக்கத்தை, 1922ஆம் ஆண்டில் எர்ன்ஸ்ட் குரூன்ஃபெல்ட் என்னும் ஆஸ்திரிய வீரர் ஆடிப் புகழ்பெற்றார். அது குரூன்ஃபெல்ட் தற்காப்பு என்றே வழங்குகிறது.