கர்ப்பிணிக்கு ஒரு மாத்திரை, முடக்குவாதத்துக்கு ஒரு மாத்திரை... ரெண்டுக்கும் பின்னாடி ஒரே மனிதர்!

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனைக்கு அக்காவையோ அண்ணியையோ செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா? கர்ப்பம் உறுதியானதும் முதலில் தரும் மாத்திரைகளில் ஒன்று ஃபோலிக் ஆசிட். பக்கத்தில் இருக்கும் ஸ்டான்லியோ, வேறு எந்தப் பெரிய ஆஸ்பத்திரியோ, முடக்குவாதத்தில் விரல் மடக்க முடியாமல் வருபவர்களுக்கு டாக்டர்கள் முதலில் யோசிக்கும் மருந்து மெத்தோட்ரெக்ஸேட். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய் ஓரமா வளர்ந்த பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க, யானைக்கால் நோய் மாத்திரை பற்றிச் சொல்லுவாங்க.

மூன்று மாத்திரை, மூன்று டிபார்ட்மென்ட். ஆனா, மூன்றுக்கும் வேர் ஒரே ஆய்வுக்கூடம். அதை வழிநடத்தியவர் நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் இறந்து 75 வருஷத்துக்கு மேல ஆகிவிட்டது. ஆனால் அவர் விட்டுப்போன மருந்தை வைத்து டாக்டர்கள் இன்னமும் விவாதம் பண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்க. அதில் உங்க வீட்டுக்குத் தேவையான விஷயமும் இருக்கு.

மூணாவது தடவை பாஸ்!

1895 ஜனவரி 12, அன்றைய மெட்ராஸ் மாகாணத்தின் பீமாவரத்தில் பிறந்தார். வீட்டில் வறுமை. பள்ளி வயதில் காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று கிளம்பியவரை, அம்மாதான் பிடித்து இழுத்துவந்து படிக்க வைத்தார். மெட்ரிகுலேஷன் பாஸானது மூன்றாவது முயற்சியில், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில். அரியர் வெச்சிருக்கிறவங்க கொஞ்சம் நிம்மதியா மூச்சு விடலாம்.

பிறகு மருத்துவக் கல்லூரி. காந்தியின் அழைப்பைக் கேட்டு, ஆபரேஷன் தியேட்டருக்கே கதர் அங்கியோடு போனார். வெள்ளைக்கார அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை. அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது.

அதைவிடப் பெரிய அடி வீட்டில் விழுந்தது. அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்து இறந்தார்கள். காரணம் ஸ்ப்ரூ. குடல் சத்தை உறிஞ்சாமல், ரத்தம் வற்றி, உடம்பு உருகிப்போகும் நோய். சுப்பாராவையும் அது தொட்டது. ஆயுர்வேத மருத்துவர் ஆச்சண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் பிழைத்தார். இந்த நோய்க்கு மருந்து என்ன என்ற கேள்வி மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

1920-களின் தொடக்கத்தில், மாமனார் குடும்பத்தின் உதவியோடு பாஸ்டனுக்குக் கப்பல் ஏறினார். இளம் மனைவி சேஷகிரி இங்கேயே இருந்தார். அவர் போன பிறகு பிறந்த மகன், குழந்தையாகவே இறந்துபோனான். மகன் முகத்தை அப்பா பார்க்கவே இல்லை. மனைவியையும் திரும்ப வந்து பார்க்கவில்லை. சாதித்தவரின் கதையில் இந்தப் பக்கத்தையும் சேர்த்தேதான் படிக்கணும்.

செல்லுக்குச் சாப்பாடு

அமெரிக்காவில் ராத்திரி ஆஸ்பத்திரியில் கடைநிலை ஊழியர், பகலில் ஹார்வர்டில் ஆராய்ச்சி. ஃபிஸ்க் என்ற பேராசிரியருடன் சேர்ந்து ரத்தத்தில் பாஸ்பரஸ் அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார். நம் செல்களின் எரிசக்தியான ஏ.டி.பி. மீதான முன்னோடி வேலைகளிலும் அவர் பெயர் உண்டு. இருந்தும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பணி தரவில்லை. 1940-ல் லெடர்லி மருந்து கம்பெனியின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார்.

அங்கே அவர் தலைமையிலான குழு 1945-ல் ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகத் தயாரித்தது. அதற்கு முன்பே லூசி வில்ஸ் என்ற பிரிட்டிஷ் பெண் டாக்டர், மும்பையின் ஏழைக் கர்ப்பிணிகளின் ரத்தசோகையைக் குணமாக்கும் ஏதோ ஒரு சத்து ஈஸ்டில் இருக்கிறது என்று கண்டிருந்தார். நம்ம கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் வேலை பார்த்திருக்கிறார். அந்தச் சத்துதான் ஃபோலிக் ஆசிட். சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கும் அது மருந்தானது, சுமார் கால் நூற்றாண்டு தாமதமாக.

1947-ல் லெடர்லியிலிருந்து யானைக்கால் மருந்தும் வந்தது. தெருத்தெருவாகக் கொடுக்கப்பட்ட டி.இ.சி. மாத்திரை அதுதான்.

சாப்பாட்டை நிறுத்தினால்?

இனிமேல்தான் திருப்பம். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் ஆசிட் வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். நோய் இன்னும் வேகமானது. பிரிந்து பெருகும் செல்லுக்கு அது சாப்பாடு, புற்றுநோய் செல்லுக்கும் அதேதான். அப்படின்னா அந்தச் சாப்பாட்டைத் தடுத்தால்? ஃபோலிக் ஆசிட் போலவே தோன்றி செல்லை ஏமாற்றும் மருந்துகளை சுப்பாராவின் குழு தயாரித்துக் கொடுத்தது.

சாகக் கிடக்கும் குழந்தைகளுக்கு விஷம் கொடுப்பதா என்று எதிர்ப்பு இருந்தது. 1948 ஜூனில் ஃபார்பர் முடிவுகளை வெளியிட்டார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு முன்னேற்றம். தற்காலிகம்தான், ஆனா அதுவரை யாரும் பார்க்காதது. இரண்டே மாதத்தில், ஆகஸ்டில், 53 வயதில் சுப்பாராவ் இறந்துபோனார். இன்று வசதியான நாடுகளில் குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோயில் 10-க்கு சுமார் 9 பேர் பிழைக்கிறார்கள். அந்தச் சிகிச்சையில் மெத்தோட்ரெக்ஸேட் இன்னமும் இருக்கிறது.

முடியாத விவாதம்

புற்றுநோய் டாக்டர் அதிக அளவில் கொடுத்த மருந்தை, தோல் டாக்டர் குறைந்த அளவில் சொரியாசிஸுக்கு எடுத்துக்கொண்டார். மூட்டு டாக்டர் முடக்குவாதத்துக்கு எடுத்துக்கொண்டார். அமெரிக்காவில் அதற்கான அனுமதி வந்தது 1988-ல்தான். இதய டாக்டர்களும் முயன்றார்கள். 4,786 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் மாரடைப்பைத் தடுக்க அது உதவவில்லை என்று தெரிந்தது. மூட்டுத் தேய்மானத்துக்கு உதவுமா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. கொரோனா தடுப்பூசி போட்டதும் இரண்டு வாரம் இதை நிறுத்தலாமா என்று பிரிட்டனில் பார்த்தார்கள். நிறுத்தியவர்களுக்கு ஆன்டிபாடி சுமார் இரண்டு மடங்கு. ஆனால் மூட்டுவலி சிலருக்குத் தலைதூக்கியது.

ஃபோலிக் ஆசிட்டிலும் விவாதம் உண்டு. குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாட்டை அது பெருமளவு தடுக்கிறது என்று 1991-ல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ரேஷன் கடையின் செறிவூட்டப்பட்ட அரிசியிலும் அது சேர்க்கப்பட்டது. எல்லோருக்கும் கொடுத்தால் பி12 குறைபாடு வெளியே தெரியாமல் மறைந்துவிடுமோ என்பது எதிர்த்தரப்பின் கவலை. இங்கே அந்த அரிசியில் பி12-ஐயும் சேர்த்தே கலந்தார்கள்.

விவாதம் டாக்டர்களுக்கு. உங்களுக்கு மூன்று விஷயம்:

முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்தான். தினமும் போட்டால் வாய்ப்புண்ணில் ஆரம்பித்து, எலும்பு மஜ்ஜை பாதித்து, உயிரே போகலாம். உலகமெங்கும் அப்படி நடந்திருக்கிறது. அம்மாவோ பாட்டியோ இந்த மருந்து சாப்பிட்டால், டாக்டர் சொன்ன கிழமையை அட்டை மேலேயே பெரிதாக எழுதி வைங்க. கூடவே தரும் ஃபோலிக் ஆசிட்டை எந்த நாளில் போடுவது என்றும் கேட்டு எழுதுங்க. இரண்டும் மாறிவிடக் கூடாது.

கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் மெத்தோட்ரெக்ஸேட் எடுத்தால், முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லணும். கருவுக்கு அது ஆபத்து. அதற்காக நீங்களாகவே நிறுத்திவிடவும் வேண்டாம்.

ஃபோலிக் ஆசிட்டை நாள் தள்ளிப்போன பிறகு தொடங்குவதைவிட, கர்ப்பத்துக்கு முன்பே தொடங்குவது நல்லது. கரு உருவாகி 28 நாளுக்குள் முதுகுத்தண்டின் அடிப்படை மூடிவிடும். நிறைய பேருக்கு அப்போ கர்ப்பம் என்றே தெரியாது.

இன்னைக்கு ராத்திரி வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து ஒருமுறை பாருங்க. வாரம் ஒருமுறை போட வேண்டியது, தினமும் போடுகிற மாத்திரைகளோடு கலந்து கிடந்தா, உடனே தனியா எடுத்து வைங்க.